கூரையில் பெட்டி, இருக்கையில் ஆளில்லை

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்த நிமிடமே என் உயிர் போகட்டும். போதுமா? இதற்குமேல் ஒரு மனிதன் எதைப் பணயம் வைக்க முடியும்?

யாரோ சொல்லக் கேட்டதை நான் எழுதவில்லை. நடந்தபோது ஒரு கை நீளத்தில் இருந்தேன். நேரத்தையெல்லாம் நிமிடக் கணக்கில் குறித்து வைத்திருக்கிறேன். பேய் என்றதும் நீங்கள் நடுநிசி, அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும். இது ஃபீனிக்ஸ் நகரத்தில், ஜூலை எட்டாம் தேதி, பட்டப்பகலில், பிற்பகல் நான்கு மணி ஏழு நிமிடத்துக்குத் தொடங்கியது. வெயில் நாற்பத்தாறு டிகிரி. ஊளையிட வேண்டிய நாய்கள் எல்லாம் ஏசி அறையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தன.

நடந்தது வெர்னன் டக்கெட்டுக்கு. வயது அறுபத்தொன்பது. தனிக்கட்டை. இருபத்தாறு வருடம் டயர் கடை வைத்திருந்தவர். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது. காதை மட்டும் விட்டுவைத்தது. அந்தக் காது சாதாரணக் காது இல்லை. தெருவில் போகும் வண்டியின் எந்த டயரில் காற்று குறைவு என்று வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே சொல்லுவார்.

காலை எட்டு மணிக்கு அவரை சொபியாப்பின் டோனட் கடை வாசலில் பார்க்கலாம். சொபியாப் கம்போடியாவிலிருந்து வந்து முப்பது வருடமாக அங்கே டோனட் சுடுகிறவள். கடைக்கு எதிரே நான்கு முனைச் சந்திப்பு. கூட்டம் குறைந்ததும் அவள் வெளியே வந்து வெர்னனுக்குப் பரீட்சை வைப்பாள்.

"இப்ப போச்சே, அது?"

"மனுஷன் ஓட்டறது. சிவப்பு விளக்குல நிக்கச் சொன்னா, அஞ்சு தடவை முன்னால நகர்ந்தான். பொண்டாட்டி காத்துட்டிருக்கா போல."

"இது?"

"ஆளில்லா வண்டி."

"எப்படி?"

"நின்னா நின்ன இடம். நகரல. பாட்டு இல்ல, இருமல் இல்ல. முன்னால ஒருத்தன் குறுக்க வந்தானே, யாரும் திட்டல பாரு. மனுஷன்னா அம்மாவரைக்கும் இழுத்திருப்பான். அப்புறம் கூரைமேல வழி பார்க்கிற கருவி ஒண்ணு சுத்துதே... ஸ்ஸ்ர்ர்ர்னு... கேக்கலையா?"

"எனக்குக் கேக்கல. உங்களுக்குப் பின்னாலயும் ஒரு கண்ணு இருக்கா, பெரியவரே?"

"இருந்த ரெண்டே வேலை செய்யல. மூணாவது எதுக்கு?"

ஒரு நாளும் அவர் தவறியதில்லை. கண் உள்ளவர்களுக்கு இவ்வளவு சிரமம் கிடையாது. வெள்ளை வண்டி. கூரைமேல் ஒரு பெட்டி. ஓட்டும் இருக்கையில் ஆளில்லை. இந்த மூன்றையும் பார்த்தால் போதும். 'ஓ, அதுவா' என்று மேலே நடந்துவிடுவார்கள். வேறு ஊராக இருந்தால் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டியைப் பார்த்து நாலு பேர் மயங்கி விழுவார்கள். இந்த ஊரில் குழந்தைகூடத் திரும்பாது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆளில்லா வண்டிகள் வருவதற்கு முன் வெர்னன் டாக்ஸியில்தான் போவார், வருவார். ஒன்பது வருடம், ஒரே டாக்ஸி. முப்பத்தேழாம் எண். ஓட்டுநரின் பெயர் கொஞ்சம் நீளம். முதல் நாள் வெர்னன் இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் முப்பத்தேழு, இவர் வெர்னன் சார். முப்பத்தேழு நல்ல மனிதர் என்று சொல்வார்கள். நான் மறுக்கப்போவதில்லை. வண்டியை வாசலில் மூன்றாம் படிக்கு நேராக, ஒரு அங்குலம் பிசகாமல் நிறுத்துவார். இறங்கிவந்து முழங்கையைப் பிடித்துக் கதவுவரை கொண்டுபோய் விடுவார்.

வம்பு அந்த முழங்கையில்தான் வந்தது. பதினான்கு மாதம் முன்பு வெர்னன் முதல்முறையாக ஆளில்லா வண்டியில் ஏறினார். யாரும் முழங்கையைப் பிடிக்கவில்லை. யாரும் 'பார்த்து, பார்த்து' என்று சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து சிரித்தார். அதன்பிறகு முப்பத்தேழைக் கூப்பிடவே இல்லை. ஏன் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரலில் ஆளில்லா வண்டி அவரை வாய்க்காலின் தவறான கரையில் இறக்கிவிட்டுப் போனது. நாற்பது நிமிடம் வெயிலில் நின்றார். விஷயம் ஒஹாயோவில் இருக்கும் அக்கா லொரெய்னின் காதுக்குப் போய்விட்டது. ஜூலை ஆறாம் தேதி அவளே விமானம் ஏறி வந்து, ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு போன் செய்தாள்.

"டேய் வெர்ன், ஒத்துக்கோ. உன்னால தனியா இருக்க முடியாது."

"முடியும்க்கா."

"வாய்க்கா ஓரத்துல நாப்பது நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தே?"

"வாத்து பார்த்துட்டிருந்தேன்."

"நீ? பார்த்துட்டு?"

"சரி. கேட்டுட்டிருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. "புதன்கிழமை அஞ்சு மணி. நான் பான்கேக் கடையில உக்காந்திருப்பேன். நீ தனியா வரணும். அஞ்சைத் தாண்டினாலும் சரி, எனக்குப் போன் போட்டு 'அக்கா, எங்க இருக்கேன்னே தெரியல'ன்னு அழுதாலும் சரி, வீட்டை விக்கற பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு என்கூட ஒஹாயோ வர்றே. என் வீட்டு மாடி அறை. கஞ்சி மாதிரி ஓட்ஸ். என் பூனைங்க ஆறு."

"நேரத்துக்கு வந்துட்டா?"

"பத்திரத்தைக் கிழிச்சுப்போட்டுட்டு ஊருக்குப் போறேன். சாகிறவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

பான்கேக் கடை இருபத்திரண்டு நிமிடத் தொலைவு. வெர்னன் எச்சரிக்கையாக ஒரு மணி நேரம் முன்பே ஆளில்லா வண்டிக்குச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார்.

கைக்கடிகாரத்தை அழுத்தினார். அது பேசும் கடிகாரம். "நான்கு மணி, நான்கு நிமிடம்."

தெற்கிலிருந்து காற்று எழுந்திருந்தது. அதில் ஈர மண் வாசனை. புழுதிப் புயல் கிளம்பிவிட்டது, இன்னும் அரை மணியில் ஊரை மூடிவிடும் என்று அவர் மூக்கு சொன்னது. காற்றின் இரைச்சலில் வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை.

நான்கு ஏழு. சட்டைப்பையில் போன் பேசியது: "உங்கள் வண்டி வந்துவிட்டது."

வழக்கமாக எட்டு, பத்து அடி தடவிப் போக வேண்டும். அன்று கையை நீட்டினார். கைப்பிடி கைக்குள்ளேயே இருந்தது. மூன்றாம் படிக்கு நேராக.

அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். 'தடாம்' என்றது. ஆளில்லா வண்டியின் கதவு 'பொத்' என்றுதான் சாத்தும். புது மாதிரி வண்டி போலிருக்கிறது. இருக்கை துணி இல்லை, ரெக்ஸின். தொடையில் ஒட்டியது. அதுவும் புது மாதிரி போலிருக்கிறது. ஏறியதும் ஒரு பெண் குரல் பெயர் சொல்லி வரவேற்கும். வரவேற்கவில்லை. அவளுக்கும் இன்று வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது.

"கிளம்பலாம்" என்றார் வெர்னன், வழக்கம்போல யாரிடமும் இல்லாமல்.

வண்டி கிளம்பியது.

நூறு கெஜம் போயிருக்கும். ஏதோ ஒன்று இல்லை என்று அவருக்குத் தோன்றியது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. ஏசி ஓடுகிறது, சரி. காற்று கண்ணாடியில் மோதுகிறது, சரி. வேறு என்ன... வேறு என்ன...

டயர்.

டயர் ஓடும் ஓசை இல்லை.

இருபத்தாறு வருடம் டயரோடு வாழ்ந்த மனிதர். தார்மேல் ரப்பர் ஓடும் ஓசை அவருக்கு மூச்சு மாதிரி. வாய்க்கால் பாலம் வந்தது. உடம்பு லேசாகத் தூக்கிப்போட்டது. பாலத்தின் இரும்பு இணைப்பில் 'தடக்-தடக்' என்று கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூரைமேல் சுற்றும் அந்த 'ஸ்ஸ்ர்ர்ர்' வருகிறதா என்று காதைத் தீட்டினார்.

அதுவும் இல்லை.

நான்கு பதினொன்றுக்கு முன் இருக்கையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது.

டிக்.

வண்டி வலப்பக்கம் திரும்பியது.

கொஞ்ச தூரம். மறுபடி...

டிக்-டிக்.

வண்டி இடப்பக்கம் திரும்பியது.

வெர்னனின் பிடரி மயிர் எழுந்து நின்றது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். மோதிரம். விரலில் போட்ட மோதிரத்தால் ஸ்டியரிங்கைத் தட்டும் சத்தம். கண் தெரியாதவருக்கு வழி புரியட்டும் என்று முப்பத்தேழு கண்டுபிடித்த பாஷை அது. வலது பக்கம் என்றால் ஒரு தட்டு. இடது என்றால் இரண்டு. வந்து சேர்ந்துவிட்டால் மூன்று. ஒன்பது வருடம் இருவரும் பேசிய பாஷை. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் வாசனை வந்தது. கிராம்பு. முப்பத்தேழுக்குப் பல் வலி. எப்போதும் கடைவாயில் ஒரு கிராம்பு இருக்கும்.

"ஹலோ?" என்றார் வெர்னன்.

இருக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"முன்னால... யாராவது இருக்கீங்களா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே உடம்பு குளிர்ந்தது. யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் ஓட்டும் இருக்கை காலியாக இருந்தால் நிம்மதியாக ஏறுகிறார்கள். அங்கே ஆள் இருக்குமோ என்று பயந்த முதல் மனிதர் அவர்தான்.

டிக்-டிக்.

இடது. ஆனால் பான்கேக் கடை வலப்பக்கம். வண்டி தெற்கே போகிறது.

கூரையில் உதவிக்கு அழைக்கும் பொத்தான் இருக்கும். தடவினார். பொத்தான் இல்லை. தொங்கிப்போன பழைய துணிதான் இருந்தது. போனை எடுத்து, "என் பயணம் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

போன் அமைதியாகச் சொன்னது:

"தற்போது உங்களுக்குப் பயணம் எதுவும் இல்லை."

நான்கு இருபத்து நான்கு.

டிக். டிக். டிக்.

மூன்று. வந்து சேர்ந்தாயிற்று.

வண்டி நின்றது. ஏசி நின்றது.

கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. மறு கதவு. அதுவும் இல்லை. கண்ணாடியை இறக்கும் பொத்தானைத் தேடினார். பொத்தான் இல்லை, சுற்றும் பிடி இருந்தது. சுற்றினார். சும்மா சுற்றியது.

வெளியே கவனித்தார்.

ஸ்ஸ்ர்ர்ர்...

இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. பின்னால் இரண்டு. இன்னும் தள்ளி... இன்னும் தள்ளி... எண்ணினார். முப்பதுவரை எண்ணி நிறுத்திவிட்டார். அத்தனையும் ஆளில்லா வண்டிகள். நின்றுகொண்டு, கூரைமேல் சுற்றியபடி, காத்துக்கொண்டிருக்கின்றன.

இடம் புரிந்தது. மூடிப்போன பழைய கடை வளாகம். அதன் வாகன நிறுத்தத்தில்தான் ஆளில்லா வண்டிகள் அடுத்த அழைப்பு வரும்வரை நிற்கும். அவை வருவதற்கு முன் டாக்ஸிகள் நின்ற இடமும் அதுதான். நாலு பெரிய மரம் உண்டு. ஊரிலேயே நிழலுள்ள நிறுத்தம்.

ஐந்து நிமிடம். வண்டிக்குள் அடுப்பு மூட்டியதுபோல் ஆகிவிட்டது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. பிறகு வேர்வையே நின்றுபோயிற்று. அது நல்லதில்லை என்று அவருக்குத் தெரியும்.

கையில் போன். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அக்காவுக்குப் போகும். அவள் வந்துவிடுவாள். போலீஸ் வரும். உயிர் பிழைக்கும். வீடு போகும். டோனட் கடை வாசல் போகும். ஒஹாயோ மாடி அறை. ஆறு பூனை.

கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தார்.

எடுத்தார்.

மறுபடி வைத்தார்.

தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூச்சு நெருப்பாக உள்ளே போய் நெருப்பாக வெளியே வந்தது. தலைக்குள் யாரோ பறை அடித்தார்கள்.

கடிகாரத்தை அழுத்தினார்.

"நான்கு மணி, முப்பத்தொரு நிமிடம்."

முன் இருக்கையில்...

ரெக்ஸின் கிறீச்சிட்டது.

யாரோ திரும்பி உட்கார்ந்தார்கள்.

ஒரு இருமல்.

"முப்பத்தேழு..." என்றார் வெர்னன். "நீதானாய்யா?"

மூச்சு. கிராம்பு வாசனை முகத்துக்கு நேரே வந்தது.

"போன் பண்ணியிருக்கலாமே, சார்."

வெர்னன் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். நம்பர் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அந்தச் சூட்டில் பொய் சொல்லத் தெம்பில்லை.

"நீ முழங்கையைப் பிடிப்பே" என்றார். "ஒவ்வொரு தடவையும் பிடிப்பே. குருடன், குருடன்னு சொல்ற மாதிரி இருக்கும். இதுங்க பிடிக்கல. அவ்வளவுதான்யா. உன்கிட்ட வேற குத்தம் இல்ல."

முன்னால் ரெக்ஸின் மறுபடி கிறீச்சிட்டது.

"சொல்லியிருக்கணும். தப்புதான். வாயத் திறந்து சொல்லியிருந்தா நீ விட்டிருப்பே."

வெர்னன் கைக்கடிகாரத்தைத் தடவினார்.

"அஞ்சு மணிக்குள்ள நான் போகணும்யா. இல்லைன்னா வீடு போயிடும்."

...

ஏசி ஓடத் தொடங்கியது.

டிக்.

வண்டி கிளம்பியது. அதே நேரத்தில் புழுதிப் புயல் ஊர்மேல் வந்து விழுந்தது. மணல் கண்ணாடியில் 'சர்ர்ர்' என்று அறைந்தது. அந்தப் புழுதியில் கண் இருந்தும் பயனில்லை. ஊரில் அத்தனை பேரும் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்கள். ஆளில்லா வண்டிகளும் அப்படியே நின்றுவிட்டன. வெர்னனின் காதில் ஒவ்வொன்றாக விழுந்தன: நிற்கிற வண்டி, நிற்கிற வண்டி, ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிற வண்டி... எல்லாவற்றையும் தாண்டி இது மட்டும் போனது. டிக். டிக்-டிக். டிக். அந்தப் புழுதியில் ஓட்டத் தெரிந்தவர் ஃபீனிக்ஸில் ஒருவர்தான். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

டிக். டிக். டிக்.

"நான்கு மணி, ஐம்பத்தெட்டு நிமிடம்."

இம்முறை கதவு தொட்டதும் திறந்தது. இறங்கினார். புழுதி மூக்கை அடைத்தது. எந்தப் பக்கம் கடை வாசல் என்று தெரியாமல் ஒரு வினாடி தடுமாறினார்.

முழங்கையில் ஒரு கை வந்து விழுந்தது.

ஐந்து விரல். நாற்பத்தாறு டிகிரி வெயிலில்... ஐஸ்.

ஆறு அடி நடத்திக் கூட்டிப்போனது. விட்டது.

கடைக் கதவு அவர் கைக்கு நேராக இருந்தது.

உள்ளே லொரெய்ன் கண்ணாடி ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பத்திரம். பக்கத்தில் பேனா, மூடி கழற்றி.

"அடப்பாவி! வந்துட்டியே!"

"மணி என்னக்கா?"

"அஞ்சாக ஒரு நிமிஷம் இருக்கு. இந்தப் புழுதியில நீ எங்க வரப்போறேன்னு பேனாவைக்கூட எடுத்து வச்சுட்டேன்."

வெர்னன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா... நான் எதுல வந்து இறங்கினேன்னு பார்த்தியா?"

"பார்த்தேனே, கண்ணாடி வழியா. வெள்ளை வண்டி. கூரைமேல பெட்டி. ஓட்டற சீட்டுல யாரும் இல்ல. உங்க ஊரு ஆளில்லா வண்டிதான். தனியாத்தான் வந்தே. நான் தோத்துட்டேன், போதுமா? உக்காரு, பான்கேக் சொல்றேன்." பத்திரத்தை நான்காகக் கிழித்தாள். பிறகு அவர் சட்டையைப் பார்த்தாள். "அது என்னடா, முழங்கைகிட்ட மட்டும் நனைஞ்சிருக்கு? ஐஸ் தண்ணி பாட்டிலைக் கட்டிப் பிடிச்சியா?"

வெர்னன் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். அந்தக் கை அக்காவின் நிபந்தனையில் சேராது என்று மட்டும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

மாலை ஆறு இருபதுக்கு ஆளில்லா வண்டிக் கம்பெனிக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், எங்க வண்டி நாலு ஏழுக்கு உங்க வாசலுக்கு வந்துருச்சு. அஞ்சு நிமிஷம் காத்திருந்து, நாலு பன்னிரண்டுக்குத் திரும்பிப் போயிடுச்சு. கதவே திறக்கல. நீங்க ஏறல, சார்."

"அப்ப நான் எதுல ஏறினேன்மா?"

"கேமராவுல பார்க்கறேன், இருங்க... முன்னால வேற ஒரு வண்டி நிக்குது. நீங்க அதுல ஏறறீங்க. வெள்ளை வண்டி, கூரையில பெட்டி. டிரைவர் சீட்டுல ஆள் இல்ல. அதுவும் நம்ம வண்டிதான், சார்." விசைகளைத் தட்டும் சத்தம். பிறகு சத்தம் நின்றது. "ஆனா... அந்த நேரத்துல உங்க தெருவுல நம்ம வண்டி ஒண்ணுதான் இருந்திருக்கு..."

வெர்னன் அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது பத்துக்குப் பதினான்கு மாதமாக அழுத்தாத எண்ணை அழுத்தினார். பழைய டாக்ஸி ஆபீஸ். டோரீன்தான் எடுத்தாள். நாற்பது வருடமாக அவள்தான் எடுக்கிறாள்.

"சொல்லு, கண்ணு."

"டோரீன், நான் வெர்னன் டக்கெட். முப்பத்தேழை அனுப்பு. நேர்ல ஒரு வார்த்தை சொல்லணும் அவன்கிட்ட."

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"டோரீன்?"

"உனக்கு யாரும் சொல்லலையா, கண்ணு? ஜூன் பதினேழு. அந்த மூடின கடை வளாகத்துல, மரத்தடியில வண்டியைப் போட்டிருந்தான். ஏசி போயிடுச்சுன்னு காலையிலதான் சொன்னான். சூடு தாங்கல. அப்படியே பக்கத்து சீட்டுல சரிஞ்சிருக்கான். பத்தொன்பதாம் தேதிதான் கண்டுபிடிச்சாங்க."

"ரெண்டு நாளா? அங்க ஆளுங்க நடமாட்டம் உண்டே!"

"உண்டு. வந்தாங்க, பார்த்தாங்க, போனாங்க. சுத்தியும் முப்பது நாப்பது ஆளில்லா வண்டி. நடுவுல இவன் வண்டியும் வெள்ளை. கூரைமேல டாக்ஸி விளக்குப் பெட்டி. வெளியிலேருந்து பார்த்தா சீட்டுல ஆள் தெரியல." டோரீன் மூக்கை உறிஞ்சினாள். "அதுங்கள்ல ஒண்ணுன்னு நெனச்சுட்டாங்க, கண்ணு. வண்டிங்களைத் துடைக்க வர்றவன் ஒருத்தன், இவன் கூரைப் பெட்டியையும் சேர்த்துத் துடைச்சுட்டுப் போயிருக்கான். ரெண்டு நாளும்."

வெர்னன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"கடைசியா... எப்ப பேசினான்?"

"நாலு முப்பத்தொண்ணு. ரேடியோவுல. நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தினமும் அந்த நேரத்துக்கு ஒரே கேள்விதான் கேப்பான். 'வெர்னன் சார் கூப்பிட்டாரா?'ன்னு."

அவ்வளவுதான் நடந்தது.

வெர்னன் இப்போதும் தன் வீட்டில்தான் இருக்கிறார். காலை எட்டு மணிக்கு டோனட் கடை வாசலில் உட்காருகிறார். சொபியாப் பரீட்சை வைத்தால் பதில் சொல்லுகிறார். ஆனால் சில நாள் ஒரு வண்டி கடந்து போகும்போது வாயை மூடிக்கொள்வார். அவள் "வெள்ளை வண்டி, கூரைமேல பெட்டி, ஆளில்ல. இதுகூடத் தெரியலையா, பெரியவரே?" என்று கேலி செய்வாள். அவர் எழுந்து நின்று, வலது முழங்கையைச் சற்றே வெளியே நீட்டியபடி, அது போகும்வரை அப்படியே நிற்பார்.

நீங்கள் அந்த ஊருக்குப் போனால், காலி இருக்கையோடு வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றால், உடனே ஏறிவிடாதீர்கள். கூரைமேல் 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று சுற்றுகிறதா என்று கேளுங்கள். சுற்றினால் ஏறுங்கள். சுற்றாவிட்டால்... கிராம்பு வாசனை வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும் ஏறலாம். ஓட்டுநர் கெட்டவர் இல்லை. போகிற இடத்துக்கு முன் ஓரிடத்தில் சற்று நிறுத்துவார், அவ்வளவுதான்.

நீ எப்படியப்பா இத்தனையும் பக்கத்திலிருந்து பார்த்தாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் உயிர்மேல் ஆணையிட்டுத் தொடங்கியவன், அதை மட்டும் மறைப்பது அழகில்லை.

முப்பத்தேழாம் எண் டாக்ஸியை ஓட்டியவன் நான்தான்.